முன்னால் என்றால் எந்தப் பக்கம்?

நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் பரீட்சை முடிந்ததும் கொடுக்கும் அட்டைக்கு ப்ராக்ரஸ் ரிப்போர்ட் என்று பெயர். காலாண்டில் கணக்கில் 62, அரையாண்டில் 48, முழு ஆண்டில் 39 என்று மார்க் படி இறங்கி வந்தாலும் அட்டையின் பெயர் மாறாது. கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்த அப்பாக்களில் பாதிப் பேராவது "இதுல எங்கடா ப்ராக்ரஸ் இருக்கு?" என்று கேட்டிருப்பார்கள். பையனிடம் பதில் இருக்காது.

பதில் உண்டு என்பதுதான் வேடிக்கை. லத்தீனில் 'ப்ரோ' என்றால் முன்னே, 'க்ராதி' என்றால் அடி எடுத்து வைப்பது. இரண்டும் சேர்ந்து ப்ராக்ரஸ். அடி வைத்து முன்னே போவது, அவ்வளவுதான். எதை நோக்கிப் போகிறோம் என்று அந்தச் சொல்லுக்குள் எந்தத் தகவலும் கிடையாது. கிணற்றை நோக்கி நடந்தாலும் அது ப்ராக்ரஸ்தான். பையன் அப்பாவிடம் இதைச் சொல்லாமல் இருந்ததே நல்லது, அது வேறு விஷயம்.

ஆபீஸ்களில் அப்ரைசல் சீசனில் ஆளாளுக்கு ஆங்கிலச் சொல் தேடுவதைப் பார்த்ததும்தான் இதை எழுதலாம் என்று தோன்றியது. 'ப்ராக்ரஸ்' என்பதற்கு மாற்றுச் சொல் கேட்டால் இணையம் ஐம்பது சொற்களைக் கொட்டுகிறது: அட்வான்ஸ், இம்ப்ரூவ், டெவலப், எவால்வ், க்ரோ, த்ரைவ், ஹெட்வே, பிரேக்த்ரூ. எதை வேண்டுமானாலும் எடுத்து எதற்குப் பதிலாகவும் போட்டுக்கொள்ளலாம் என்பது போல ஒரு பட்டியல். ஆனால் இவற்றிலும், அப்ரைசலில் இவற்றோடு சேர்ந்து வரும் சக்சஸ், ஆம்பிஷன், கேரியர் ஆகியவற்றிலும் ஒன்று கப்பலிலிருந்து வந்தது, ஒன்று வயலிலிருந்து, ஒன்று போர்க்களத்திலிருந்து, ஒன்று ஓட்டு கேட்கப் போன இடத்திலிருந்து. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு 'நல்லது' என்ற பொருள் பிறவியிலேயே கிடையாது. அது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது, சிலவற்றில் இன்றும் சரியாக ஒட்டவில்லை.

ப்ராக்ரஸையே எடுத்துக்கொள்வோம். முதலாம் எலிசபெத் அரசி காலத்தில் 'ராயல் ப்ராக்ரஸ்' என்றால் அரசி ஊர் ஊராகப் போய்வருவது. கோடை வந்தால் லண்டனில் கொள்ளைநோய் பயம். அரசி பரிவாரத்தோடு கிளம்பிவிடுவார், நூற்றுக்கணக்கான வண்டிகளில் சாமான் பின்னால் வரும். வழியில் எந்தப் பிரபுவின் மாளிகையில் தங்குகிறாரோ அவருக்குப் பெருமையும் செலவும் ஒன்றாக வந்து சேரும். 1575-ல் கெனில்வொர்த் கோட்டையில் ராபர்ட் டட்லியின் விருந்தாளியாக 19 நாள் இருந்தார். 1591-ல் எல்வெத்தம் என்ற இடத்தில் ஹெர்ட்ஃபோர்டு பிரபு, அரசி தங்கப்போகும் நான்கு நாளுக்காகப் பிறை வடிவில் ஒரு குளமே வெட்டி, அதில் மூன்று தீவுகளும் அமைத்தார். அமைச்சர் வருகிறார் என்றதும் ஒரே ராத்திரியில் தார் ரோடு போடும் ஊர்க்காரர்களுக்கு இதில் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. முன்னே போனவர் ஒருவர், பில் கட்டியவர் இன்னொருவர்.

ஜான் பன்யன் 1678-ல் வெளியிட்ட 'பில்கிரிம்ஸ் ப்ராக்ரஸ்' நூலிலும் இதே பயணப் பொருள்தான். நம் ஆட்கள் இதைச் சரியாகப் பிடித்தார்கள். தமிழில் அந்த நூல் 'மோட்சப் பிரயாணம்' ஆயிற்று. அதைத் தழுவி எச். ஏ. கிருஷ்ணபிள்ளை எழுதி 1894-ல் வெளிவந்த காவியத்தின் பெயர் 'இரட்சணிய யாத்திரிகம்'. பிரயாணம், யாத்திரை. இரண்டிலுமே 'முன்னேற்றம்' என்று போடவில்லை.

பயணம் என்றால் நரகத்துக்கும் போகலாம் அல்லவா? வில்லியம் ஹோகார்த் என்ற ஓவியர் அந்தக் கதவைத் திறந்தார். 1732-ல் அவர் வெளியிட்ட 'எ ஹார்லட்ஸ் ப்ராக்ரஸ்' ஆறு படங்கள் கொண்ட தொடர். கிராமத்திலிருந்து லண்டன் வந்து இறங்கும் பெண் ஒருத்தி பாலியல் தொழிலில் தள்ளப்பட்டு, ஆறாவது படத்தில் சவப்பெட்டிக்குள் கிடக்கிறாள். அடுத்து வந்த 'எ ரேக்ஸ் ப்ராக்ரஸ்' தொடரில் எட்டுப் படங்கள். அப்பன் சேர்த்த சொத்து கைக்கு வந்த இளைஞன் தையல்காரன், சூதாட்டம், கடன், சிறை என்று அடிமேல் அடி வைத்துப் பைத்தியக்கார விடுதியில் போய் நிற்கிறான். மூலப் படங்கள் இன்றும் லண்டனில் சர் ஜான் சோன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. பெயரில் கிண்டல் இருக்கிறது, ஆனால் சொல்லின் பொருளை அவர் மீறவில்லை.

இதைவிட எனக்குப் பிடித்தது பெஞ்சமின் ஃபிராங்க்ளின் கதை. ஷேக்ஸ்பியர் 'கிங் ஜான்' நாடகத்தில் ப்ராக்ரஸை வினைச்சொல்லாகவே பயன்படுத்தியிருக்கிறார். பிறகு இங்கிலாந்தில் அந்த வழக்கம் மங்கிவிட்டது. சாமுவேல் ஜான்சன் 1755-ல் கொண்டுவந்த அகராதியில் வினைச்சொல்லுக்குப் பக்கத்தில் 'வழக்கில் இல்லை' என்று குறித்துவிட்டார். அமெரிக்காவிலோ அது செழிப்பாக ஓடிக்கொண்டிருந்தது. பாரிஸில் பல வருஷம் தூதராக இருந்துவிட்டு ஊர் திரும்பிய ஃபிராங்க்ளின் காதில் அது நாராசமாக விழுந்தது. 1789 டிசம்பர் 26-ஆம் தேதி, பின்னாளில் அகராதி தொகுத்த நோவா வெப்ஸ்டருக்கு ஒரு கடிதம் எழுதுகிறார். வயது 83, உடம்பு முடியவில்லை, இன்னும் நான்கு மாதத்தில் இறந்துவிடப்போகிறார். அந்த நிலையிலும் நோட்டீஸ், அட்வகேட், ப்ராக்ரஸ் ஆகிய மூன்றையும் வினைச்சொல்லாக்கிவிட்டார்களே என்று புலம்பி, மூன்றிலும் மோசம் ப்ராக்ரஸ்தான், உம் செல்வாக்கைப் பயன்படுத்தி இதைக் கண்டியும் என்று கேட்டுக்கொள்கிறார். வெப்ஸ்டர் 1828-ல் வெளியிட்ட பெரிய அகராதியில் அந்த வினைச்சொல் அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு நாட்டையே உருவாக்கியவர்களில் ஒருவரால் ஒரு வினைச்சொல்லைத் தடுக்க முடியவில்லை. தமிழில் 'கதைப்பது சரியா, பேசுவது சரியா' என்று முகநூலில் சண்டை போடுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

உச்சரிப்பு பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வரி. பெயர்ச்சொல் என்றால் அழுத்தம் முதல் அசையில், வினைச்சொல் என்றால் இரண்டாவதில். மற்றபடி பிரிட்டிஷ்காரர் 'ப்ரோ' என்பார், அமெரிக்கர் 'ப்ரா' என்பார். நாம் எப்படிச் சொன்னாலும் அட்டையில் மார்க் மாறப்போவதில்லை.

அதே கடிதத்தில் இன்னொரு புலம்பலும் உண்டு. 'இம்ப்ரூவ்' என்பதை நியூ இங்கிலாந்துக்காரர்கள் 'பயன்படுத்து, வேலைக்கு வை' என்ற பொருளில் எழுதுகிறார்களாம். ஒருவரது இரங்கல் குறிப்பில் அவர் முப்பது வருஷத்துக்கு மேல் நீதிபதியாக 'இம்ப்ரூவ் செய்யப்பட்டார்' என்று போட்டிருந்ததாம். ஃபிராங்க்ளின் அச்சுத் தொழிலாளியாக வாழ்க்கையைத் தொடங்கியவர், புத்தி அந்தப் பக்கம்தானே போகும்? மேதர் என்ற பாதிரியாரின் கையெழுத்து கோழிக் கிறுக்கல். அவர் 'இம்ப்ளாய்ட்' என்று எழுதியதை அச்சுக் கோப்பவர் 'இம்ப்ரூவ்ட்' என்று படித்துவிட்டிருப்பார், அங்கிருந்துதான் இந்தத் தொல்லை பரவியிருக்கும் என்று அனுமானிக்கிறார். அழகான அனுமானம். ஆனால் தவறு அங்கே இல்லை. இம்ப்ரூவ் என்ற சொல்லின் வேரிலேயே 'லாபம்' இருக்கிறது. பழைய பிரெஞ்சில் 'ப்ரூ' என்றால் ஆதாயம். ஒன்றை ஆதாயம் தரும்படி மாற்றினால் அது இம்ப்ரூவ். பெருமை என்று பொருள்படும் 'ப்ரவுட்' கூட இந்த வம்சம்தான்.

குறிப்பாக நிலத்துக்கு அந்தச் சொல் அடிக்கடி வந்தது. ஊர்ப் பொது மேய்ச்சல் நிலத்தை வேலி போட்டுத் தனியார் பண்ணையாக்குவதை இங்கிலாந்தின் நிலக்கிழார்கள் 'இம்ப்ரூவ்மென்ட்' என்றார்கள். 1604 முதல் 1914 வரை இப்படி நிலத்தை அடைக்க 5,200-க்கு மேற்பட்ட சட்டங்களை நாடாளுமன்றம் நிறைவேற்றியது. ஆட்டையும் மாட்டையும் அங்கே மேய்த்துப் பிழைத்தவர்கள் கூலிக்காரர்கள் ஆனார்கள். ஸ்காட்லாந்தின் மலைப்பகுதியில் நிலைமை இன்னும் கொடுமை. சதர்லண்ட் எஸ்டேட்டில் குடியானவர்களைக் கடற்கரைக்கு விரட்டிவிட்டு உள்நாட்டு நிலத்தை ஆட்டுக்குக் கொடுத்தார்கள். எஸ்டேட் கணக்கில் அதுவும் இம்ப்ரூவ்மென்ட். ஆதாயம் வந்ததா என்றால் வந்தது. யாருக்கு என்பதுதான் கேள்வி. சென்னையில் சி.ஐ.டி. நகர் இருக்கிறதே, அதற்கும் போலீஸ் துப்பறிவாளர்களுக்கும் சம்பந்தம் கிடையாது. வீடு கட்டிக் கொடுத்த 'சிட்டி இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட்' என்ற அமைப்பின் சுருக்கம் அது. இன்றைய வீட்டு வசதி வாரியத்தின் மூத்த தலைமுறை. அங்கே இம்ப்ரூவ்மென்டால் வீடு கிடைத்தவர்கள் நிறையப் பேர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

சக்சஸ் என்ற சொல்லுக்கும் இதே கதைதான். லத்தீனில் 'அடுத்து வருவது' என்பதே பொருள். வாரிசு என்ற பொருளில் 'சக்சஸர்' இன்னும் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. என்ன விளைந்ததோ அது சக்சஸ், நல்லதும் இருக்கலாம் கெட்டதும் இருக்கலாம். 1611-ல் வந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் யோசுவா முதல் அதிகாரத்தில் 'குட் சக்சஸ்' என்றே போட வேண்டியிருந்தது. இன்று யாராவது 'நல்ல வெற்றி' என்றால் கெட்ட வெற்றி என்று ஒன்று உண்டா என்று கேட்போம். அன்றைக்கு அது நியாயமான கேள்வி.

ஆம்பிஷன் என்றால் சுற்றி வருவது. ரோமாபுரியில் தேர்தலுக்கு நிற்பவர் வெள்ளை உடை போட்டுக்கொண்டு தெருத்தெருவாகச் சுற்றிக் கைகுலுக்கி ஓட்டு கேட்பார். அந்தச் சுற்றல்தான் ஆம்பிஷன். அந்த வெள்ளை உடையிலிருந்துதான் 'கேண்டிடேட்'. சுற்றும்போது கை மட்டுமா குலுக்குவார்கள், காசும் கொடுப்பார்கள். அதே வேரிலிருந்து பிறந்த 'ஆம்பிடஸ்' என்ற சொல் ஓட்டுக்குப் பணம் கொடுக்கும் குற்றத்துக்குப் பெயராயிற்று. கி.மு. 63-ல் சிசரோ கொண்டுவந்த சட்டம் அதற்குப் பத்து வருஷ நாடுகடத்தலைத் தண்டனையாக வைத்தது. வெள்ளை வேட்டி, வீடு வீடாகச் சுற்றல், இரவில் கவர். எதையும் சேர்த்துச் சொல்லத் தேவையில்லை என்று நினைக்கிறேன்.

தமிழில் எழுதினால் சாப்பாட்டு கேரியரும் வேலை வாழ்க்கையான கேரியரும் ஒரே சொல்லாகிவிடுகின்றன. நாம் ஆங்கிலத்தைக் கொன்றுவிட்டதாக யாரும் வருந்த வேண்டாம், இரண்டும் தூரத்துச் சொந்தமே. 'கார்ருஸ்' என்ற வண்டியிலிருந்துதான் சுமப்பதும் வந்தது, வண்டி ஓடும் பாதையும் வந்தது. 16-ஆம் நூற்றாண்டில் கேரியர் என்றால் குதிரை தலைதெறிக்கப் பாய்வது. பணி வாழ்க்கை என்ற பொருள் 19-ஆம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. வினைச்சொல்லில் பழைய பொருள் இன்றும் உயிரோடிருக்கிறது. கட்டுப்பாட்டை இழந்த லாரி சாலையில் தாறுமாறாக ஓடினால் அதற்கு ஆங்கிலப் பத்திரிகைகள் போடும் வினைச்சொல் இதுதான். ஐ.டி. கம்பெனியில் பத்து வருஷம் போட்டவர்களிடம் கேட்டால் எந்தப் பொருள் பொருந்துகிறது என்று சொல்வார்கள்.

அட்வான்ஸ் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. சென்னையில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு அது முன்னேற்றம் இல்லை, பத்து மாத வாடகை. அதில் வரும் 'டி' எழுத்தே பிசகு. பழைய பிரெஞ்சில் அது இல்லை. 'அ' என்று தொடங்குவதால் 'அட்' என்ற லத்தீன் முன்னொட்டாக இருக்கும் என்று படித்தவர்கள் தப்பாக எண்ணிச் செருகிவிட்டார்கள். பிரேக்த்ரூ முதல் உலகப் போரின் பதுங்குகுழிச் சண்டையில் எதிரியின் அரணை உடைத்துக்கொண்டு போவதற்கு வைத்த பெயர். விஞ்ஞானிகளிடம் வந்தது பிறகுதான். த்ரைவ் வடமொழியிலிருந்து, நம் வடமொழி இல்லை, ஸ்காண்டிநேவியாவின் பழைய நார்ஸ் மொழியிலிருந்து வந்தது. கைப்பற்றிக்கொள்வது என்று பொருள். சிக்கனம் என்ற 'த்ரிஃப்ட்' அதன் உடன்பிறப்பு.

டெவலப், எவால்வ் இரண்டையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டெவலப் என்றால் உறையைப் பிரிப்பது. 'என்வலப்' உறை போடுவது, இது அதற்கு எதிர். நம் ஊர் ஸ்டூடியோக்காரர்கள் 'ஃபிலிம் கழுவுறது' என்று சொன்ன வேலைக்கு ஆங்கிலத்தில் டெவலப் என்று பெயர் வந்தது பொருத்தமானதே. படம் உள்ளே ஏற்கெனவே இருக்கிறது, வெளியே கொண்டுவர வேண்டும். எவால்வ் என்றால் சுருட்டி வைத்த ஏட்டை விரிப்பது. அதிலும் உள்ளே எழுதியிருப்பதுதான் வெளியே வரும்.

இந்த இடத்தில் சார்லஸ் டார்வினுக்கு ஒரு சலாம். 1859-ல் வந்த 'உயிரினங்களின் தோற்றம்' முதல் பதிப்பில் 'எவல்யூஷன்' என்ற சொல்லே இல்லை. 'எவால்வ்ட்' ஒரே ஒரு முறை வருகிறது, அதுவும் நூலின் கடைசிச் சொல்லாக. எவல்யூஷன் நுழைந்தது 1872-ன் ஆறாம் பதிப்பில். அந்தக் காலத்தில் எவல்யூஷன் என்றால் முன்பே எழுதி வைத்த திட்டம் விரிவது, படிப்படியாக மேலே ஏறுவது என்ற நிழல் அதன்மேல் விழுந்திருந்தது. அவர் சொன்னதோ சூழலுக்குத் தோதானது தங்கும் என்பது மட்டும். இன்னொருவர் எழுதிய புத்தகத்தின் ஓரத்தில் 'உயர்ந்தது, தாழ்ந்தது என்ற சொற்களைப் பயன்படுத்தவே கூடாது' என்று தனக்கே ஒரு குறிப்பு கிறுக்கி வைத்திருந்தார். குகையில் வாழும் மீனுக்குக் கண் போவதும் பரிணாமம்தான். இன்றைக்கு ஒவ்வொரு கம்பெனியும் 'நாங்கள் எவால்வ் ஆகிக்கொண்டிருக்கிறோம்' என்று விளம்பரம் செய்யும்போது எனக்கு அந்த மீன்தான் ஞாபகம் வருகிறது.

வளர்ச்சிக்கு வருகிறேன். 'க்ரோ' சுத்தமான பழைய ஆங்கிலம். பச்சை என்ற 'க்ரீன்', புல் என்ற 'க்ராஸ்' இரண்டும் அதன் பங்காளிகள். முதலில் செடிகொடிக்குத்தான் பெரும்பாலும் க்ரோ. மனிதரும் நிலாவும் வளர்வதற்கு 'வாக்ஸ்' என்று வேறு வினைச்சொல் இருந்தது. அது இப்போது பெரும்பாலும் நிலாவோடு ஒதுங்கிவிட்டது. லத்தீன் பக்கத்து வளர்ச்சிச் சொல் 'க்ரெஸ்கெரே'. பிறையைக் குறிக்கும் 'க்ரெசென்ட்' அதிலிருந்து வந்ததே, நேர்ப் பொருள் வளர்பிறை. ஆங்கிலத்தில் இன்று தேய்பிறையையும் க்ரெசென்ட் என்கிறார்கள். நாம் அந்தக் கலப்படம் செய்யவில்லை. இன்கிரிமென்ட், ஆள் சேர்க்கும் ரெக்ரூட், கப்பல் க்ரூ எல்லாம் இந்தப் பிறையின் பிள்ளைகள்.

ஆனால் க்ரோத் என்ற சொல் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தால் முகம் மாறிவிடும். டாக்டர் ஸ்கேனைப் பார்த்து 'ஒரு க்ரோத் தெரியுது' என்றால் யாரும் இனிப்பு வாங்க ஓடுவதில்லை. 'அட்வான்ஸ்ட் ஸ்டேஜ்' என்றால் அதைவிடப் பயம். புற்றுநோய்க் கட்டிகளை அளக்க உலகம் முழுக்கப் பயன்படும் ஒரு முறையில், கட்டிகளின் விட்டங்களைக் கூட்டிப் பார்த்து, இருந்த மிகக் குறைந்த அளவிலிருந்து 20 சதவீதமாவது கூடியிருந்தால் 'ப்ராக்ரஸிவ் டிசீஸ்' என்று எழுதுவார்கள். அங்கே ப்ராக்ரஸ் இல்லை என்பதுதான் நல்ல செய்தி. பொருளாதாரக்காரர்கள் எதிர்த் திசையில் சாமர்த்தியசாலிகள். 2020 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊரடங்கில் இந்தியப் பொருளாதாரம் 23.9 சதவீதம் சுருங்கியதாக முதல் கணக்கு வந்தபோது அதற்கும் 'நெகட்டிவ் க்ரோத்' என்று பெயர் சொன்னார்கள். குறைவு என்று சொல்ல வாய் வரவில்லை.

இத்தனைக்கும் நடுவே நேர்மையான ஒரு சொல் வேண்டும் என்றால் என் ஓட்டு ஹெட்வேக்கு. மாலுமிகளின் சொல். கப்பல் தலைப்பக்கமாக நகர்ந்தால் ஹெட்வே, பின்பக்கமாக நகர்ந்தால் ஸ்டெர்ன்வே, காற்று பக்கவாட்டில் தள்ளிக்கொண்டு போனால் லீவே. மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வைத்ததால் யாரும் யாரையும் ஏமாற்ற முடியாது. கூடவே 'ஸ்டீரேஜ்வே' என்று ஒன்று உண்டு. நீரோட்டம் ஓரளவு வேகத்தோடு உரசிப் போனால்தான் சுக்கான் வேலை செய்யும். நின்றுகொண்டிருக்கும் கப்பலில் சுக்கானை எவ்வளவு திருப்பினாலும் திசை மாறாது. அதற்கு வேண்டிய குறைந்தபட்ச வேகத்துக்குத்தான் அந்தப் பெயர். அப்ரைசல் ஃபார்மில் 'வேலை முடியவில்லை, ஆனால் நகர்கிறது' என்று சொல்ல ஹெட்வேயைவிடப் பொருத்தமான சொல் எனக்குத் தெரியவில்லை. பஸ் போக்குவரத்து இன்ஜினியர்களிடம் மட்டும் பார்த்துப் பயன்படுத்துங்கள். அவர்களுக்கு ஹெட்வே என்றால் ஒரு பஸ்ஸுக்கும் அடுத்த பஸ்ஸுக்கும் உள்ள இடைவெளி. ஹெட்வே கூடினால் ஸ்டாப்பில் கூட்டம் கூடும்.

கடைசியாக ஃபார்வர்ட். இதிலாவது சந்தேகம் இருக்காது என்றுதானே நினைப்போம்? புதன்கிழமை மீட்டிங் இரண்டு நாள் 'மூவ்ட் ஃபார்வர்ட்' என்று ஆங்கிலத்தில் மெயில் வருகிறது. மீட்டிங் திங்களா, வெள்ளியா? ஆங்கிலத்தையே தாய்மொழியாகப் பேசுகிறவர்கள் இதில் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். லெரா போரோடிட்ஸ்கி, மைக்கேல் ராம்ஸ்கர் இருவரும் 2002-ல் வெளியிட்ட ஆய்வில் இதே கேள்வியைச் சாப்பாட்டு வரிசையில் நின்றவர்களிடமும் விமான நிலையத்தில் இருந்தவர்களிடமும் கேட்டிருக்கிறார்கள். வரிசையில் அதிக தூரம் நகர்ந்து வந்தவர்கள் வெள்ளி என்று சொல்வது அதிகம். விமானத்திலிருந்து அப்போதுதான் இறங்கியவர்கள், யாரையோ அழைத்துப்போகக் காத்திருந்தவர்களைவிட அதிகமாக வெள்ளி என்றார்கள். நாம்தான் காலத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறோம் என்று உடம்பு நினைத்தால் வெள்ளி. நாம் நிற்கிறோம், காலம் நம்மை நோக்கி வருகிறது என்றால் திங்கள்.

தமிழில் இந்தக் குழப்பம் வராது. 'முன்னாடி வச்சுட்டாங்க' என்றால் திங்கள், 'தள்ளி வச்சுட்டாங்க' என்றால் வெள்ளி. நமக்கு முன்னோர் என்றால் போய்ச் சேர்ந்தவர்கள், 'பின்னாடி பாத்துக்கலாம்' என்றால் இனி வரப்போகும் நாள். அப்படியானால் 'முன்னேற்றம்' என்பது தாத்தா இருக்கும் திசையிலா என்று கேட்டு என்னை வம்பில் மாட்டாதீர்கள். நம்மவர்கள் ஆங்கிலத்துக்கும் ஒரு வழி செய்து கொடுத்திருக்கிறார்கள். அதுதான் 'ப்ரிபோன்'. இந்திய ஆபீஸ் இங்கிலீஷ் என்று கேலி செய்வார்கள். ஆனால் மேற்படி புதன்கிழமைச் சிக்கலுக்கு அதைவிடக் கச்சிதமான சொல் லண்டனிலும் கிடையாது, அவர்கள் இன்னும் 'ப்ரிங் ஃபார்வர்ட்' என்று சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். வெளிநாட்டு க்ளையன்ட்டிடமிருந்து 'மூவ்ட் ஃபார்வர்ட்' என்று மெயில் வந்தால் கௌரவம் பார்க்காமல் எந்தத் தேதி என்று கேட்டுவிடுங்கள்.